கந்தப்ப சாமிக்கு மூட்டிய தீ

செய்தியை முனியாண்டிதான் கொண்டுவந்தான். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து என்று சொல்ல எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. புண்ணுக்கு மருந்து கட்டும் டிரஸரான நான், வயிற்றுப்போக்கு கண்டவர்களுக்காகக் கொய்யா இலையைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தேன். அவன் கம்பை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்றான்.

"டிரஸரண்ணே, சாமி போயிட்டாரு. கஞ்சி குடுக்கப் போனேன், வாயே தொறக்கல."

வார்டில் எல்லார் காதிலும் அது விழுந்தது. ஒரு பெரியவர் எழுந்து உட்கார முயன்று முடியாமல், படுத்தபடியே கைகூப்பினார். எதிர்க் கட்டிலில் இருந்த பெண் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "நல்லா வேணும்லா," என்றாள். கொஞ்ச நேரத்தில் அவளே அழத் தொடங்கினாள். யாருக்காக அழுகிறாள் என்று நான் கேட்கவில்லை. அவள் புருஷனும் சயாமுக்குப் போனவன்தான்.

ஜப்பான்காரன் தோற்றுப் போவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் நடந்தது இது. இப்போது வாயைத் திறந்து பேசலாம் என்று ஆகிவிட்டது. ஆளாளுக்கு ஒரு கந்தப்ப சாமியைச் சொல்கிறார்கள். துரோகி என்கிறார்கள், தியாகி என்கிறார்கள். மலாயாவில், நம் ரப்பர் தோட்டமான சுங்கை லாலாங்கில் அவரை அறிந்தவர்களுக்கு, அருகில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

தோட்டத்து ஓரத்தில் முருகன் மடம் நடத்திவந்த அவருக்கு, ஜப்பான்காரன் சண்டைக்கு முன்பே வேண்டாதவர்கள் அதிகம். கள்ளுக்கடை வாசலில் போய் உட்கார்ந்துகொண்டு, குடித்துவிட்டு வருகிறவர்களைப் பெயர் சொல்லி ஏசுவார். முனீஸ்வரனுக்கு ஆடு வெட்டியவர்களை மடத்துப் படியேற விடமாட்டார். ஒரு தைப்பூசத்தில் பீடோங் டவுன் கடைக்காரர்களின் கோயிலில், தோட்டத்து ஜனங்கள் வெளியில் நின்றுதான் சாப்பிட வேண்டும் என்றார்கள். சாமி தனக்கு உள்ளே விரித்திருந்த இலையை எடுத்துவந்து தெருவில் போட்டு, நம்மோடு உட்கார்ந்துவிட்டார். "முருகன் பசிக்கிறவன் பக்கத்துலதான்டா உக்காருவான்," என்றார். பெரிய கடைக்காரர் ஒருவர் அன்று முதல் அவரைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடப்பார். நமக்கோ அன்றிலிருந்து அவர் சொல்தான் சொல். மாலை போட்டால் வேண்டாம் என்று சொல்லமாட்டார். கழுத்து நிறையும்வரை குனிந்தே நிற்பார். அந்த ஆசை அவரிடம் இருந்தது. அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். சயாமில் ரயில்பாதை போட ஆள் கேட்டான். விடிவதற்குள் ஜனங்கள் வேலைக்குக் கூடி நிற்கும் பெரட்டுக் களத்தில், ஒரு ஜப்பான் அதிகாரியும் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியும் சாமியை நடுவில் நிறுத்தினார்கள். சாமி பேசினார். "மூணு மாசம்தான். சோறு உண்டு, துணி உண்டு. பயப்படாம போங்க. முருகன் கூட வருவான்." கிராணி பேசியிருந்தால் பாதிப்பேர் காட்டுக்குள் ஓடியிருப்பார்கள். சாமி பேசியதால் லாரியில் ஏறினார்கள். என் தங்கை அஞ்சலையின் புருஷன் மாணிக்கமும் ஏறினார். "சாமியே சொல்லிட்டாரு, அப்புறம் என்ன மச்சான்," என்று சொல்லி என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

மூன்று மாதம் கழிந்தது, ஆறு மாதமும் கழிந்தது. ஒருவரும் திரும்பவில்லை.

போனவர்களில் கடைசியில் திரும்பி வந்தவன் முனியாண்டி ஒருவன்தான். தப்பித்து, காடும் மலாய்க் கிராமமுமாக நடந்தே வந்திருந்தான். காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரிந்தது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் போனால் கிராணி காட்டிக்கொடுத்துவிடுவான் என்று மடத்துக்குப் போய் விழுந்திருக்கிறான். சாமி ஆளனுப்பி என்னை அழைத்தார். நான் புண்ணைக் கழுவிக் கட்டுகிறபோது முனியாண்டி சொல்லிக்கொண்டே வந்தான். மழையில் கூரையில்லாத கொட்டகை, வாந்திபேதி, உயிர் போகும் முன்பே குழிக்கு இழுத்துப்போனது, எல்லாவற்றையும். சாமி சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நான் சொன்னத அங்க யாராச்சும் நெனச்சாங்களா?"

"நெனச்சாங்க சாமி," என்றான் முனியாண்டி. "சாவறப்ப உங்களத்தான் ஏசுனாங்க."

அதன் பிறகு சாமி பூசை செய்து நான் பார்க்கவில்லை.

சில வாரங்களில் மறுபடியும் ஆள் கேட்டு வந்தார்கள். அதே களம், அதே அதிகாரி. சாமியைக் கூட்டிவரச் சொன்னார்கள். நான் மூன்றாவது வரிசையில் நின்றேன். சாமி போன தடவையைவிட மெதுவாக நடந்துவந்து, எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றார். "போன தடவை நான் சொன்னது பொய்," என்றார். "போனவங்க செத்துட்டாங்க. நான்தான் அனுப்பி வெச்சேன். யாரும் ஏறாதீங்க. ஓடுங்க!"

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. ஜனங்கள் ரப்பர் காட்டுக்குள் சிதறி ஓடியபோதுதான் அவனுக்கு விளங்கியது. துப்பாக்கிக் கட்டையால் அடித்த முதல் அடியிலேயே சாமி விழுந்துவிட்டார். லாரியில் ஏற்றிச் சுங்கை பட்டாணியில் இருந்த ஜப்பான் போலீசிடம் கொண்டுபோனார்கள். பல நாள் கழித்து மடத்து வாசலில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனபோது, இரண்டு கைகளிலும் நகம் இல்லை. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை.

அந்த உடம்பை ஒரு வருஷத்துக்கும் மேலாக நானும் முனியாண்டியும் பார்த்துக்கொண்டோம். அதற்காக அஞ்சலை என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். "என் வீட்டுக்காரன அனுப்புனவனுக்கு நீ சீழ் தொடைக்கிற," என்று மட்டும் சொன்னாள். நான் டிரஸர். புண்ணைக் கண்டால் கழுவத்தான் தெரியும்.

ஒருநாள் முதுகுப் புண்ணைத் துடைக்கும்போது அவரிடம் கேட்டே விட்டேன். "ஏன் சாமி அன்னிக்கு அப்படிப் பேசுனீங்க?"

"கட்டி இழுத்துட்டுப் போறத விட, தைரியமா போகட்டும்னு நெனச்சேன்," என்றார். பிறகு, "இல்ல டிரஸரே, அது முழுசு இல்ல. அந்த ஆபீசர் மடத்துக்கு வந்து, எல்லாருக்கும் முன்னால என்கிட்ட இடுப்பு வளையக் குனிஞ்சான். எனக்கு அது புடிச்சிருந்துச்சு," என்றார்.

இறந்த அன்று கரங்கான் ஊரிலிருந்து சிஷ்யர்கள் சிலர் வந்தார்கள். உட்கார்த்தி வைத்துச் சமாதி கட்ட வேண்டும் என்றார்கள். முனியாண்டி மறித்தான். "எல்லாரையும் போலப் படுக்க வெச்சு எரிங்கன்னு எங்கிட்ட சொல்லியிருக்காரு." பீடோங்கிலிருந்து அந்தப் பெரிய கடைக்காரர் மாலை மட்டும் அனுப்பினார். தன் கடையில் ஒரு பலகையை மட்டும் சாத்தி வைத்திருந்தாராம். கடை அடைத்திருக்கிறது என்றும் சொல்லிக்கொள்ளலாம், திறந்திருக்கிறது என்றும் சொல்லிக்கொள்ளலாம். பாடைக்குப் போர்த்தத் துணி இல்லாமல் சாக்கைப் பிரித்துப் போர்த்தினோம்.

லயத்தைக் கடக்கும்போது அஞ்சலை பாதை நடுவில் நின்றாள். அவளுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பெண்கள்.

"எறக்குங்க," என்றாள்.

இறக்கினோம். துப்பப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"இவருக்கு மாலை போடுறீங்க, சங்கு ஊதுறீங்க. என் வீட்டுக்காரனுக்கு யாரு ஊதுனா?" கேட்டுவிட்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "சரி, தூக்குங்க. நாங்களும் வர்றோம்."

"பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வரக்கூடாது," என்றார் கிராணி.

"சயாம்ல எந்த வழக்கத்தப் பாத்தீங்க? வழிய விடுங்க."

அவள் நடந்தாள். மற்றவர்களும் நடந்தார்கள். கிராணி ஒதுங்கிக்கொண்டார்.

பழைய ரப்பர் கட்டைகளை அடுக்கி முனியாண்டிதான் கொள்ளி வைத்தான். தீ பிடித்த பிறகு அஞ்சலை அவன் பக்கத்தில் போய் நின்றாள். அவன் மடத்தில் இருந்தான் என்பதற்காகவே அத்தனை நாளும் அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தவள் அவள்.

"என் வீட்டுக்காரன் கதி உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்க்கா."

"நீ கண்ணால பாத்தியா?"

"என் மடியிலதான்க்கா. காய்ச்சல். ரொம்ப நேரம் கஷ்டப்படல."

கடைசியாகச் சொன்னது பொய்யாக இருக்கலாம். நான் அவனிடம் கேட்கவில்லை, இனியும் கேட்கப்போவதில்லை. அஞ்சலை கழுத்தில் கைவைத்தாள். தாலிப்பொன் எப்போதோ மரவள்ளிக்கிழங்காகிப் போயிருந்தது. மஞ்சள் கட்டிய கயிறு மட்டும்தான் இருந்தது. அதைத் தலைவழியாகக் கழற்றிச் சாமியின் நெஞ்சுப் பக்கம் எரிந்த கட்டையின் மேல் போட்டாள்.

"என் வீட்டுக்காரனுக்கு வெக்க எனக்கு வேற நெருப்பு இல்ல," என்றாள்.

அப்போதுதான் அழுதாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி கயிற்றைக் கழற்றினாள். பிறகு இன்னொருத்தி. அவர்கள் மாரிலடித்துக்கொண்டு கூப்பிட்ட பெயர்களில் கந்தப்ப சாமியின் பெயர் இல்லை. அந்தத் தீயைச் சுற்றி அன்று ஒப்பாரி வைத்தது, சயாமிலிருந்து வராதவர்களுக்குத்தான்.

அஞ்சலை இப்போது என்னோடு பேசுகிறாள். அவரைப் பற்றி மட்டும் பேசமாட்டாள். மடத்தில் சமாதி கட்ட என்னைச் சேரச் சொன்னார்கள், நான் சேரவில்லை. அவரைத் துரோகி என்று பேசிய கூட்டத்திலிருந்தும் எழுந்து வந்துவிட்டேன். இந்த நான்கு வருஷத்தில் பொய் சொன்னவர்கள் பலரைப் பார்த்தேன். சொன்ன இடத்துக்கே திரும்பி வந்து, கேட்டவர்கள் எதிரிலேயே, அது பொய் என்று சொன்ன ஒருவரைத்தான் பார்த்தேன். அந்தக் குரல் மாணிக்கத்தைத் திருப்பித் தரவில்லை. ஆனால் அன்று காட்டுக்குள் ஓடியவர்கள் காலையில் என் ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கப் போகிறார்கள். அவர்களைப் பார்க்கிறேன். வீட்டுக்கு வந்தால் தங்கையின் வெறும் கழுத்தைப் பார்க்கிறேன். கந்தப்ப சாமி எனக்கு விட்டுப்போனது இந்த இரண்டும்தான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட என்னால் முடியவில்லை.