நெல்சன் கேட்ட பாஸ் ஓவர்

காரைக்குடி கோர்ட்டில் என் மீசைக்கு ஈடான மீசை கிடையாது. ஐம்பத்தொன்பது வயதில் அதை இப்படிக் கருகருவென்று வைத்திருக்க நேரம் செலவாகும், ஆகட்டுமே. இந்த வக்கீல் வீரபாண்டியன் குறுக்கு விசாரணைக்கு எழுந்தால், சாட்சிக்குத் தேவைப்படும் என்று டவாலிச் சேவகன் தண்ணீரோடு நிற்பான். பெண்கள் விஷயத்தில் என்னைப் பற்றி ஊர் பேசுவதில் பாதி பொய். மீதிப் பாதியால்தான் என் மனைவி அனுசுயா எட்டு வருஷமாகத் தேவகோட்டையில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள்.

இத்தனை ஆட்டத்துக்கு நடுவிலும் என் கட்சிக்காரர்கள் பிழைத்தது நெல்சனால். அவனும் வக்கீல், சட்டக் கல்லூரியிலிருந்தே என் கூட்டாளி. வழக்கைக் கூப்பிடும்போது வக்கீல் வரவில்லை என்றால், வேறொரு வக்கீல் எழுந்து அவருக்காக 'பாஸ் ஓவர்' கேட்பார். மற்ற வழக்குகள் முடிந்தபின் மறுபடி கூப்பிடுவார்கள். நான் தலை வாரிக்கொண்டிருந்தாலும் சரி, யாரோடாவது காபி குடித்துக்கொண்டிருந்தாலும் சரி, முப்பது வருஷமாக எனக்காக எழுந்து நின்றவன் நெல்சன்.

போன தை மாதம் நெல்சனே கட்சிக்காரன் ஆனான். செக்காலையில் அவன் குடியிருக்கும் வீட்டைத் தான் வாங்கிவிட்டதாக ஒருத்தன் பத்திரத்தோடு வழக்குப் போட்டான். பத்திரம் போலி. அந்த ஆளைக் கூண்டில் நிறுத்தி உண்மையை வரவழைக்க என்னைத்தான் நெல்சன் நம்பினான்.

விசாரணை அன்று காலை நான் காபிக் கடையில், ஊருக்குப் புதிதாக வந்த பேங்க் அதிகாரி சௌபர்ணிகாவிடம் என் பழைய வெற்றிகளை அளந்துகொண்டிருந்தேன். கோர்ட்டில் நெல்சன் இருக்கிறானே என்ற தைரியம். இன்றைக்கு அவனே பிரதிவாதி என்பது இந்த மண்டையில் ஏறவில்லை. அவன் பாஸ் ஓவர் கேட்டதற்கு, கட்சிக்காரர் கேட்கக் கூடாது, வக்கீல் யாராவது கேட்கட்டும் என்று நீதிபதி அம்மா சொல்லிவிட்டார். ஒரு வக்கீலும் எழவில்லை. ஒவ்வொருவரையும் நான் ஒரு தடவையாவது மட்டம் தட்டியிருக்கிறேன். நான் போய்ச் சேர்ந்தபோது, குறுக்கு விசாரணை இல்லை என்று எழுதி முடித்திருந்தார்கள்.

நெல்சன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சாட்சியைத் திரும்ப அழைக்கும் மனுவை அன்று மாலையே அவனே தயார் செய்து, நான் வராததற்குக் காரணம் மஞ்சள் காமாலை என்று போட்டிருந்தான். எங்கள் தொழிலில் கோர்ட்டுக்கு வராத எவனுக்கும் அந்த நோய்தான் வரும்.

"கையெழுத்தப் போடுடா. ஒன் மானம் எதுக்குச் சந்தி சிரிக்கணும்?" என்றான்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் கருத்தையா அன்று காலை அதே கடை வாசலில் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனவர். காமாலை என்று சொன்னால் கிழித்துத் தொங்கவிடுவார். நெல்சனின் வீடு போய்விடும். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன்.

மனுவை எடுத்த அன்று கோர்ட் நிறைய ஆட்கள்.

"எனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லம்மா. ஒரு பொண்ணோட காபி குடிச்சுக்கிட்டு நேரத்த மறந்துட்டேன். தப்பு என்னுது. அதுக்காக இவன் வீடு போகக் கூடாது" என்றேன்.

பின்வரிசையில் சிரிப்பு. கருத்தையா எதிர்ப்பில்லை என்று மட்டும் சொன்னார். அம்மா மனுவை அனுமதித்தார். சிரித்தவர்கள் சிரிக்கட்டும், அன்றும் அந்த ஹாலில் என் அங்கிதான் எடுப்பாக இருந்தது.

மறு விசாரணைக்கு ஒன்பதரைக்கே போய்விட்டேன். மீசைக்கு மை தடவ நேரமில்லை, நரை தெரிந்தது. வழக்கைக் கூப்பிட்டார்கள். நான் கூண்டுக்குப் பக்கத்தில் தயாராக நிற்கிறேன். எனக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது. முப்பது வருஷப் பழக்கம், நெல்சன் பாதி எழுந்து, "பாஸ் ஓவர்..." என்று ஆரம்பித்துவிட்டான்.

"ஒக்காருடா, வந்துட்டேன்" என்றேன்.