மறுபடியும் வாங்க

மாணவர் ஆலோசனை அறைக்குள் யார் வந்தாலும் அந்த அம்மா எழுந்து நிற்பார். வருவது மீசை முளைக்காத பொடியனாக இருக்கும், பாதிப் பாடத்தில் கோட்டை விட்டவனாக இருக்கும், அதெல்லாம் கணக்கில்லை. "வாங்க சார், உட்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?" வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கும் எனக்கு வயிறு எரியும். காரணம் உண்டு. இதே அறையில் என் மகளை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

அது நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அவளே மறந்துவிட்டாள், நான் மறக்கவில்லை. சேர்ந்த படிப்பு ஒத்துவரவில்லை, வேறு பிரிவுக்கு மாறலாமா என்று கேட்கத்தான் வந்தாள். மேஜைக்குப் பின்னால் அப்போது இருந்த ஆள் தலையைத் தூக்காமலே "அதெல்லாம் முடியாது, போம்மா" என்று சொல்லிவிட்டார். அந்த மாசக் கடைசி வரைக்கும் மாறலாம் என்று விதி இருந்திருக்கிறது. அது என் காதுக்கு வந்தபோது அவள் படிப்பை விட்டுவிட்டு மருந்துக் கம்பெனியில் புட்டிக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தாள். அப்போது நான் பல்கலைக்கழகத்தின் பின்வாசலில் காவல். பிறகு என்னைக் கொண்டுவந்து இந்த மாணவர் ஆலோசனை அறை வாசலிலேயே போட்டார்கள். தினமும் அந்த மேஜையைப் பார்த்துக்கொண்டுதான் சோறு தின்கிறேன்.

துணைப் பதிவாளர் எங்கேயோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். வந்ததும் சுவரில் ஒரு பலகை மாட்டினார்: 'மாணவரே நம் வாடிக்கையாளர்.' மாட்டின கையோடு இந்த அம்மாவையும் ஒரு வருஷ ஒப்பந்தத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தார். பெரிய செருப்புக்கடையில் இருபது வருஷத்துக்கு மேல் விற்பனையில் இருந்தவர். கடையில் நின்றுகொண்டே தபால் வழியில் பட்டம் வாங்கியவர். புருஷன் இல்லை. கல்யாணம் கட்டிக் கொடுத்த மகள் ஒருத்தி, எப்போதாவது போன் பண்ணுவாள்.

வந்த அன்றைக்கே அந்த அம்மா செய்த முதல் காரியம், சாமான் அறையிலிருந்து ஒரு முக்காலியைத் தேடி எடுத்ததுதான். மாணவனை நல்ல நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தான் முக்காலியில் தாழ்வாக உட்காருவார். அங்கிருந்து முதலில் அவன் காலைத்தான் பார்ப்பார்.

"என்னம்மா, எல்லாரும் மூஞ்சியைப் பார்ப்பாங்க, நீங்க செருப்பைப் பார்க்கறீங்க?" என்று கேட்டேன்.

"மூஞ்சியைப் பார்த்தா கூச்சப்படுவாங்க அண்ணே. காலைப் பார்த்துக்கிட்டு கேட்டா கடகடன்னு பேசிடுவாங்க."

பேசவும் செய்தார்கள். சில பேர் அழுதார்கள். அழுதவர்களை அந்த அம்மா வாசல் வரைக்கும் கூட்டி வந்து, கதவைத் திறந்துவிட்டு, இடுப்பை லேசாக வளைத்து "மறுபடியும் வாங்க" என்பார். எனக்குச் சிரிப்பு தாங்காது.

"இங்க மறுபடியும் வரவே கூடாதுன்னுதானே எல்லாரும் சாமியை வேண்டிக்கிறாங்க. நீங்க வேற!"

"ஐயய்யோ, வாயில அதுதான் வருது அண்ணே. நான் செத்தா, தூக்கிட்டுப் போறவங்ககிட்டகூட அதைத்தான் சொல்லுவேன்போல."

பக்கத்து மேஜை எழுத்தருக்கு இந்த அம்மாவைக் கண்டால் இளக்காரம். சாயந்திரம் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது "என்ன, இன்னைக்கு எத்தனை சோடி போச்சு?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

"அஞ்சு போச்சு சார். ஒண்ணு திரும்பி வந்துடுச்சு" என்று சிரித்துக்கொண்டே சொல்வார் அந்த அம்மா. கோபம் என்ற ஒன்றை ஆண்டவன் அவருக்கு வைக்கவே இல்லை. கடையில் மண்டி போட்டு மண்டி போட்டுத் தேய்ந்த முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டே கடைசி ஆள் போகும் வரை இருப்பார். கொண்டுவந்த சாப்பாடு பல நாள் அப்படியே வீட்டுக்குத் திரும்பும்.

கடை முதலாளி ஒரு பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். 'இல்லை' என்ற சொல் வாயில் வரக்கூடாது. கேட்ட சோடி இல்லையென்றால் உள்ளே போய்த் தேடு, பக்கத்துக் கடையில் வாங்கியாவது கொடு, வந்தவனை வெறுங்காலோடு அனுப்பாதே. அந்த அம்மா இங்கேயும் அதையே செய்தார். ஒரு கையெழுத்துக்காக மாடி மாடியாக ஏறுவார். கேட்டது கிடைத்தவன் துள்ளிக்கொண்டு போவான். வயிறு எரிந்துகொண்டிருந்த நான், கொஞ்சம் கொஞ்சமாக, காலையில் அந்த அம்மா வர ஐந்து நிமிஷம் தாமதமானால் தெருவை எட்டிப் பார்க்க ஆரம்பித்தேன்.

அப்போதுதான் கொக்கு வந்தான். நெட்டையாக, கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நடப்பான். நான் வைத்த பெயர் அது. போன வருஷம் நாலைந்து பாடம் போய்விட்டது. கூடப் படிப்பவர்களோடு சேர்ந்து முடிக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. விட்ட பாடங்களையும் இந்த செமஸ்டர் பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத அனுமதி வேண்டும். விதிப்படி அத்தனை கூடாது.

"பண்ணிடலாம் சார்" என்றார் அந்த அம்மா.

பண்ணியும் விட்டார். துறைத்தலைவர் அறை வாசலில் தவம் கிடந்தார். "இந்தப் பையனால முடியும், நான் பொறுப்பு" என்று சிபாரிசு செய்து, அனுமதி வாங்கிக்கொண்டு வந்தார். கொக்கு அந்த அம்மாவின் காலைத் தொடக் குனிந்தான். அவர் பதறிப்போய் முக்காலியோடு பின்னால் நகர்ந்தார். நானும் என் நாற்காலியை விட்டு எழுந்து போய் அவன் முதுகில் ஒன்று வைத்தேன். "போடா கொக்கு, மீனைப் பிடிச்சுட்டே!" அன்றைக்கு என் மகள் ஞாபகம் வந்தது. இப்படி ஒருத்தி அன்றைக்கு இருந்திருந்தால் என்று நினைத்தேன்.

ஒரு வாரம் கழித்து அந்த அம்மா அவனுக்குப் போன் பண்ணினார். இதுவும் கடைப் பழக்கம்தான். வாங்கிப்போனவரை ஒருதடவை விசாரித்துவிட வேண்டும். "எப்படி இருக்கு சார், எங்கேயாவது கடிக்குதா?" அந்தப் பக்கத்திலிருந்து சூப்பர் என்று பதில் வந்தது. அடுத்த மாசமும் சூப்பர்தான். அதற்கடுத்த மாசம் அவன் போனை எடுக்கவில்லை.

ரிசல்ட் வந்தபோது எல்லாமே போயிருந்தது. பழையதும் போச்சு, புதுசும் போச்சு. ஒரே செமஸ்டரில் அத்தனை விட்டால் பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். எடுத்துவிட்டார்கள்.

வந்தது அவன் இல்லை, அவன் அம்மா. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றார். ஒரு ரகளை நடக்கப்போகிறது என்று நான் தயாராக இருந்தேன். நடக்கவில்லை. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, "நீங்க தங்கமானவங்கன்னு சொல்லுவான் மேடம். அவன் சார்பா மன்னிப்பு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். உங்களுக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்துட்டானே" என்றார்.

"தம்பி எப்படி இருக்காரு?"

"படுத்தே கிடக்கிறான் மேடம். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தா திரும்பறதே இல்ல. சாப்பிடுன்னா சாப்பிடறான். எழுந்திருன்னா எழுந்திருக்க மாட்டேங்கறான்."

அந்தத் தாய் போன பிறகு ஒரு பெண் பிள்ளை உள்ளே வந்தது. அந்த அம்மா எழுந்து நிற்கவில்லை. அந்தப் பிள்ளை தானாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது. அப்போதும் அவர் அதன் காலைப் பார்க்கவில்லை.

சாயந்திரம் கதவைப் பூட்டும்போது என்னிடம் சொன்னார். "கடையில இறுக்கமான சோடியைக் கேட்டு அடம் பிடிப்பாங்க அண்ணே. நான் கொடுக்கவே மாட்டேன். நாலு எட்டு நடக்க வச்சுப் பார்ப்பேன், வேற எடுத்துக் காட்டுவேன், பேச்சை மாத்துவேன். இன்னைக்கு வந்துட்டுப் போன அம்மாவோட பிள்ளை கேட்டுச்சு, தூக்கிக் கொடுத்துட்டேன். ஒரு எட்டு நடக்க வச்சுப் பார்க்கல."

"நீங்க மட்டுமா, நானும்தான் முதுகுல தட்டினேன்" என்றேன். அது அவர் காதில் விழுந்த மாதிரி இல்லை.

அதற்கப்புறம் அவர் 'முடியாது' என்று சொல்லப் பழகினார். ஆள் இல்லாத நேரத்தில் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, என்னிடமே சொல்லிப் பார்ப்பார்.

"முடியாதுங்க சார்."

"சிரிச்சுக்கிட்டே சொல்றீங்களேம்மா. இதைக் கேட்டா எவனும் இன்னும் ரெண்டு சேர்த்துக் கேட்பான்."

"முடியாது சார்."

"அந்த சாரை எடுங்க."

"அதை எடுத்தா நாக்கு குழறுது அண்ணே" என்பார். இரண்டு பேரும் சிரிப்போம். சிரித்து முடித்ததும் அவர் போனை எடுத்துக் கொக்குவின் நம்பரைப் போடுவார். அடித்துக்கொண்டே இருக்கும்.

தவறு அலுவலகத்தின் பக்கம் இருந்தால் எடுத்த பெயரைத் திரும்பச் சேர்க்கலாம் என்று ஒரு வழி இருந்தது. அதற்கு அந்த ஆலோசனை அறையிலேயே ஒரு கூட்டம் போட்டார்கள். நாற்காலி நகர்த்தப் போன நான் கதவோரம் நின்றுவிட்டேன். துணைப் பதிவாளர் அந்த அம்மாவைக் காப்பாற்றத்தான் பார்த்தார். "பையன் வற்புறுத்தினான், நீங்க எச்சரிச்சீங்க, அவன் கேக்கல. அப்படித்தானேம்மா?"

"இல்ல சார்."

அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"நான் எச்சரிக்கல. அவரு மேல தப்பில்ல. விதிக்கு மேல போய் வித்தது நான்தான்."

"இது கடை இல்லம்மா!" என்று மேஜையைத் தட்டினார் அவர். அவர் மாட்டின வாடிக்கையாளர் பலகை அவர் தலைக்கு மேலேதான் தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை.

கொக்குவுக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள். குறைந்த பாடங்களோடு மறுபடி சேரலாம்; ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் அவனே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் அவ்வளவுதான். அந்த அம்மாவுக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. வியாழக்கிழமையோடு முடிந்தது. பழைய கடைக்குப் போகலாமே என்று கேட்டேன். "மண்டி போட முடியாத ஆளை எந்தக் கடையில அண்ணே சேர்ப்பாங்க?" என்றார்.

வியாழக்கிழமை சாயந்திரம் வரைக்கும் கொக்கு வரவில்லை. அவன் அம்மாவிடம் சொல்லியாகிவிட்டது. சொன்னால் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறானாம். எழுத்தர் சோடிக் கணக்கு கேட்காமலே கிளம்பிப் போனார். அந்த அம்மா தண்ணீர் புட்டியையும் குடையையும் பையில் வைத்துக்கொண்டு, முட்டியைப் பிடித்தபடி என் நாற்காலிக்கு வந்தார்.

"அண்ணே, ஒரு உதவி. உங்க போன்ல இருந்து அந்தப் பிள்ளையைக் கூப்பிடணும். என் நம்பரைப் பார்த்தா எடுக்கறதில்ல."

"எடுத்தா என்ன சொல்ல?"

"திட்டுங்க."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"நான் தேனாப் பேசிப் பேசி, அந்தப் பிள்ளை என் முன்னாடி வர வெக்கப்பட்டுக்கிட்டுக் கிடக்கு. இன்னும் நான் தேனாப் பேசினா எழுந்திருக்காது. உங்க பொண்ணா இருந்தா எப்படித் திட்டி இழுத்துட்டு வருவீங்களோ, அப்படித் திட்டுங்க. எனக்கு அது வராது அண்ணே. நானும் வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு பார்த்துட்டேன்."

என் போனை வாங்கி, எதையும் பார்க்காமல் நம்பரை அழுத்தி, என் கையில் கொடுத்தார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிடலாம் என்று நினைத்த நேரத்தில் அந்தப் பக்கம் தூக்கம் கலையாத ஒரு குரல், "அலோ, யாரு?" என்றது.

நான் தொண்டையைச் செருமினேன். அந்த அம்மா சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்.