மெஷின் மேல் கொட்டிய மணல்

எங்கள் வட்டாரத்தில் வகுப்பறைக்குள் சினிமா மெஷினைக் கொண்டுவந்தவன் நான்தான். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. ஐம்பதுகளின் கடைசியில் விருதுநகரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியராக இருந்தேன். கல்வித் துறை அனுப்பிய படக் கருவி ஒன்று, பெட்டிகூடப் பிரிக்காமல் தலைமையாசிரியர் அறையில் கிடந்தது. உடைந்துபோனால் யார் பதில் சொல்வது என்று ஒருவரும் அதைத் தொடவில்லை. ஒரு கோடை விடுமுறை முழுவதும், மெஷினோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை வரி வரியாகப் படித்து, ரீல் மாட்டவும் பழுது பார்க்கவும் நானே கற்றுக்கொண்டேன்.

மெஷின் ஓடியது, இருட்டுதான் கிடைக்கவில்லை. எங்கள் ஊர் வெயில் சாத்திய ஜன்னலையும் மீறி உள்ளே வரும். சிவகாசி அச்சகங்களில், கலர் மேல் கலர் ஏறி வீணாய்ப்போன தீப்பெட்டி லேபிள் தாள்களைக் கட்டுக் கட்டாகக் கழித்துப் போடுவார்கள். அவற்றைக் கேட்டு வாங்கி, ஒன்றின் மேல் ஒன்றாகப் பசை தடவி ஒட்டிக் காயவைத்தேன். பலகை போல ஆகிவிட்டது. ஜன்னல் அளவுக்கு வெட்டி மாட்டினால் நடுமத்தியானத்திலும் வகுப்பறை இருண்டுவிடும். மதுரையில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் இதைச் செய்து காட்டினேன். அதன் பிறகு ஒரு வேனும் சிறிய ஜெனரேட்டரும் என் பொறுப்பில் வந்தன. மல்லாங்கிணற்றிலிருந்து ஏழாயிரம்பண்ணை வரை, கரண்ட் இல்லாத பள்ளிகளுக்கெல்லாம் படம் போனது.

ஆனால் மெஷினை என்னைத் தவிர யாரும் தொடக் கூடாது என்று வைத்திருந்தேன். பொறுப்பு என்று அப்போது அதற்குப் பெயர் சொல்லிக்கொண்டேன்.

எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியர், மெஷினை ஓட்டக் கற்றுக்கொடுக்கும்படி என்னை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். என் வயதுக்காரர்தான். ஊரில் பாதிப் பேர் வெடி ஆபீசில் வேலை பார்ப்பவர்கள். தொழிற்சாலையை அங்கே ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். அவருடைய அண்ணனே வெடிமருந்து அறை விபத்தில் இறந்தவர். அந்த ஆபீஸ் வாசலில் இருப்பதுபோலவே, அவர் பள்ளியிலும் சிவப்பு வாளியில் மணல் நிரப்பி வைத்திருப்பார்.

கல்வித் துறை இன்ஸ்பெக்டர் ஒருநாள் என்னுடன் அந்தப் பள்ளிக்கு வந்தார். மெஷின் பயிற்சிக்கு ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கப் போவதாகவும், இந்த ஆசிரியரை முதலில் சேர்க்கலாம் என்றும் வழியில் சொன்னார். மழை எப்படி வருகிறது என்ற படம் போட்டேன். திரையில் கடல் வந்ததும் பிள்ளைகள் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒருவரும் கடலைப் பார்த்ததில்லை. ஒரே காட்சியில் படத்தை நிறுத்தி விளக்கம் சொல்ல அந்த மெஷினில் ஒரு பிடி உண்டு. சில நொடிகளுக்கு மேல் நிறுத்தினால் விளக்கின் சூட்டில் ஃபிலிம் கருகும். எனக்கு அது நன்றாகத் தெரியும். இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற பெருமையில், பிடியை விடாமல் ஆவி, மேகம் என்று பேசிக்கொண்டே போனேன். கடலின் நடுவே பழுப்பாக ஒரு வட்டம் விரிந்தது. நாற்றம் கிளம்பியது.

அந்த ஊரில் கருகல் வாடை வந்தால் யாரும் என்ன ஏது என்று கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்கள். பிள்ளைகள் சத்தமே இல்லாமல் வரிசையாக வெளியே ஓடிவிட்டார்கள். அந்த ஆசிரியர் வாளியைத் தூக்கி மணல் முழுவதையும் மெஷின் மேல் கொட்டினார்.

அந்த ஃபிலிம் தீப்பற்றாது, கருகி உருகும், அவ்வளவுதான். அதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

பல்சக்கரங்களில் மணல் புகுந்து மெஷின் மெட்ராசுக்குப் பழுதுபார்க்கப் போயிற்று. அறிக்கை எழுதச் சொன்னார்கள். 'ஆசிரியரின் பதற்றத்தால் கருவி சேதமடைந்தது' என்று எழுதினேன். பிடியை நான் விடாமல் வைத்திருந்ததை எழுதவில்லை. அவர் பெயரைப் பயிற்சிப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். பழுது பார்த்த மெஷின் திரும்பி வந்த பிறகும், அந்தப் பள்ளிக்கு வேன் போகக் கூடாது என்று உத்தரவு இருந்தது. எனக்குப் பதவி உயர்ந்தது.

இரண்டு வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை, விருதுநகரில் ஆசிரியர்களுக்கு மெஷின் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தேன். அழைக்காமலே அந்தத் தொடக்கப் பள்ளி ஆசிரியர் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். "என்ன அண்ணாச்சி, வாளியை வீட்டுல வச்சுட்டு வந்துட்டீகளா?" என்று ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

பிறகு என்னைப் பார்த்து, "தொட மாட்டேன் சார். சும்மா பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார்.

நான் விளக்கிக்கொண்டிருந்தது அந்தப் பிடியைப் பற்றி. விளக்கத்தை அத்தோடு நிறுத்தினேன். அன்றைக்கு அதைப் பிடித்திருந்தது நான், கருகவிட்டது நான், பொய்யாக எழுதியதும் நான் என்று அத்தனை பேர் முன்னால் சொன்னேன். அங்கே தீ என்று நினைத்த ஒருவர் செய்ய வேண்டியதைத்தான் அவர் செய்தார் என்றும் சொன்னேன். 

அவர் எழுந்து மெஷின் பக்கத்தில் வந்து நின்றார். "இதை அப்பமே சொல்லியிருக்கலாமே சார். ரெண்டு செட்டுப் பிள்ளைக அஞ்சாப்பு முடிச்சு, ஒரு படம்கூடப் பாக்காம தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிருச்சுக." கோபமாகச் சொல்லவில்லை. பிறகு, "சரி, ரீலை எங்கன மாட்டணும்?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டருக்கு உண்மையை எழுதிக் கொடுத்தேன். எனக்கு ஒரு கண்டனக் கடிதம் வந்தது, அவர் பள்ளிக்கு வேன் போயிற்று. அன்றிலிருந்து எந்தப் பள்ளிக்குப் போனாலும் மெஷினை அந்த ஊர் ஆசிரியர் கையில் கொடுத்துவிட்டு நான் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துவிடுவேன். ஒரு மெஷினோடு ஊர் ஊராக அலைந்தவன் நாலு பேருக்குத் தலைவன் ஆனது அப்போதுதான் என்று நினைக்கிறேன். என்னிடம் பழகியவர்கள் பிறருக்குப் பழக்கினார்கள். அந்த ஆசிரியர் பழக்கியவர்கள் என்னுடையவர்களைவிட அதிகம். அவர்களை நினைத்து எனக்கு இன்றும் பெருமைதான்.

அந்த இரண்டு செட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் நான் எதுவும் செய்யவில்லை. அவர்களைக் கூட்டி ஒரு படம் போட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை தீப்பெட்டி ஆபீசுக்கு லீவுதான், வேனும் என் பொறுப்பில்தான் இருந்தது. எனக்குத் தோன்றவில்லை.