புத்தகத்தின் கடைசியில் ஒட்டிய வெள்ளைத் தாள்

நூலகர் வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் நிறையப் படிக்கலாம் என்று நம்பித்தான் வருகிறோம்; வந்தபிறகு படிப்பது ஸ்டாக் ரிஜிஸ்டரை மட்டும். சக நூலகர்களே, உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

நான் இருப்பது ஆந்திராவில் உள்ள புத்தூரில், ப்ளஸ் டூ மட்டும் நடத்தும் ஒரு தனியார் ஜூனியர் காலேஜில். இங்கே படிக்கிற பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரே குறி, நுழைவுத் தேர்வு. போன ஜூனில் பழைய மாணவி ஒருத்தி ஒரு பெட்டி நிறைய நாவல்கள் அனுப்பிவைத்தாள். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளைப் பற்றி இப்போது எழுதுகிறார்களே, அந்த வகை. எளிய ஆங்கிலம். ஆசையாக ஒரு பீரோவில் அடுக்கினேன். பிரின்சிபால் வந்து பார்த்தார். இதனால் பிள்ளைகளுக்கு என்ன பிரயோஜனம் என்று சங்கராந்தி லீவுக்குள் காட்டுங்கள், இல்லாவிட்டால் பீரோவில் வினா வங்கியை வைத்துவிடலாம் என்றார். என் பன்னிரண்டு வருட சர்வீஸில் பிள்ளைகள் தாங்களாக வந்து முன்னால் நின்ற பீரோ அது ஒன்றுதான். அவரிடம் காட்டலாம் என்று ஒவ்வொரு புத்தகத்தின் கடைசியிலும் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, "படித்ததும் தோன்றியதை எழுதவும், பெயர் வேண்டாம்" என்று போட்டு வைத்தேன்.

ஒரு ரூம்

விஜயபுரத்திலிருந்து பஸ்ஸில் வரும் பவானிதான் முதல் வாசகி. அவள் எடுத்துப்போன நாவலில் நாயகி அம்மாவோடு சண்டை போட்டு, தன் அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்திக்கொள்கிறாள். முப்பது பக்கத்துக்கு வெளியே வருவதில்லை. புத்தகத்தைத் திருப்பித் தரும்போது பவானியின் முகம் சரியில்லை. பிடிக்கவில்லையா என்று கேட்டேன்.

"புடிச்சிது மேடம். ஆனா அந்தப் பொண்ணு கோச்சிக்கினா போய் சாத்திக்கறதுக்கு ஒரு ரூம்பு கீது. எங்க ஊட்ல கீறதே ஒரு ரூம்பு. நான் கோச்சிக்கினா எங்கம்மா பக்கத்துலயேதான் குந்திக்கினு இருக்கணும்."

நாலு காரணம்

எங்கள் காலேஜில் எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் ஒரே மாதிரிதான் படிப்பார்கள். அடிக்கோடு, முக்கியக் கேள்வி, பக்கத்தில் நட்சத்திரக் குறி. சாந்திபுரத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் கிஷோர், நாவலையும் அப்படியே படித்து முடித்து நோட்டுப் புத்தகத்தோடு வந்தான். தானே ஆங்கிலத்தில் ஒரு கேள்வி எழுதியிருந்தான்: "நாயகி பிறந்தநாள் அன்று ஏன் அழுதாள்? நான்கு காரணங்கள் தருக." மூன்று நட்சத்திரம். தோழி வரவில்லை, அப்பா போன் செய்யவில்லை என்று நான்கையும் வரிசையாக எழுதி, பிறகு எல்லாவற்றையும் அடித்திருந்தான். நன்றாகத்தானே எழுதியிருக்கிறாய், ஏன் அடித்தாய் என்றேன்.

"நாலும் புக்ல கீறதுதான் மேடம். ஆனா எதுக்கு அழுவுறேன்னு எனக்கே தெரிலன்னு அந்தப் பொண்ணு சொல்லுது. அதுக்கே தெரிலன்னா நான் எப்டி மார்க் போட்டுக்கறது?"

சார் வாசித்த தாள்கள்

சங்கராந்திக்கு நான்கு நாள் முன்னால் பிரின்சிபால் நூலகத்துக்கு வந்தார். ஸ்ரீகாகுளம் பக்கத்துக்காரர், இந்த ஊருக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. எங்கள் பிள்ளைகள் பாதிப் பேருக்கு வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. தமிழ் எழுத வராது, மனதில் பட்டதைத் தெலுங்கில் சொல்லவும் வராது. அதனால் தாள் முழுக்கத் தமிழைத் தெலுங்கு எழுத்தில் எழுதியிருந்தார்கள். சார் ஒரு புத்தகத்தை எடுத்து, கடைசித் தாளைக் கணீரென்று, ஓர் எழுத்து பிசகாமல் வாசித்தார்: "இந்தக் கதையில வர்ற ஹெட்மாஸ்டரு நம்ம சாரு மாதிரியே. கத்தறதோட சரி, ஒண்ணும் பண்ண மாட்டாரு."

மேஜையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். தோள்கள் மட்டும் குலுங்கின. என்ன அர்த்தம் என்று கேட்டார் சார். கதையில் வருகிற ஹெட்மாஸ்டர் கண்டிப்பானவர், நல்லவர் என்று எழுதியிருக்கிறது சார் என்று தெலுங்கில் சொல்லிவைத்தேன். அவர் அடுத்த புத்தகத்தை எடுத்தார். அதில் பங்காருபாளையத்துப் பையன் ஒருவன் எழுதியிருந்தான். அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். அதையும் அதே குரலில் வாசித்தார்: "இந்த அப்பா பிள்ளைகிட்ட பேசறதுக்கு இருநூறு பக்கம் ஆவுது. எங்க நைனா மாங்கா தோட்டத்துல இருந்து போன் பண்ணா துன்னியான்னு மட்டும் கேப்பாரு. இத படிச்சிட்டு, நீ துன்னியா நைனான்னு நான் கேட்டேன். அதுலேர்ந்து நைனா தெனம் ரெண்டு வாட்டி போன் பண்றாரு."

இதை மாற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வினா வங்கி வந்தாலும் வரட்டும் என்று ஒரு சொல் விடாமல் தெலுங்கில் சொன்னேன். இப்போது யாரும் சிரிக்கவில்லை. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வாசல் வரை போய்த் திரும்பினார். அவர் தெலுங்கில் சொன்னதை, இந்த முறை மாற்றாமல், அப்படியே தருகிறேன்.

"பீரோ இருக்கட்டும் அம்மா. ஆனால் முதல் தாளையும் இப்படி நேராகவே சொல்லியிருக்கலாம். பிள்ளைகள் சிரித்ததை நான் பார்த்தேன்."

பீரோவைக் காப்பாற்றியது பிள்ளைகளின் எழுத்து. பன்னிரண்டு வருட அனுபவமுள்ள நூலகர் தன் பங்குக்குச் செய்தது ஒரே ஒரு பொய் மொழிபெயர்ப்பு.