கிணற்றில் விழுந்த கரண்டி

பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் நின்றேன். ஒன்றரை வயது. கையிலிருந்த கரண்டியைக் கிணற்றுக்குள் போட்டுவிட்டு, தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் கைகொட்டிச் சிரித்தாள்.

"அப்பா, என்னத்தைப் போட்டவள்?" குசினி அடுப்படியிலிருந்து மகள் கேட்டாள்.

கிணற்றுக்குள் எட்டிப்பார்த்தேன்.

என் தம்பிக்கும் அந்த வயதில் இதே விளையாட்டுத்தான். அப்பா குளிக்கவார்க்கத் தூக்கிப்போனால், கையில் இருப்பது கிணற்றுக்குள் போய்விடும். சத்தம் கேட்டதும் அம்மா குசினியிலிருந்து, "என்னத்தைப் போட்டவன்?" என்பார். அப்பா ஒருநாள் "சீப்பு" என்பார், இன்னொருநாள் "சவர்க்காரப் பெட்டி" என்பார். "உவன் வீட்டையே கிணத்துக்கை இறக்கிப்போடுவான்" என்று அவன் கன்னத்தைக் கிள்ளுவார்.

சண்டை வந்து ஊரைவிட்டு ஓடினோம். போன இடத்தில் காய்ச்சல் கண்டு தம்பி செத்துப்போனான். மூன்று பேராய்த் திரும்பி வந்து கிணற்றை இறைத்தபோது, அவன் போட்டதெல்லாம் சேற்றோடு மேலே வந்தது. அப்பா ஒவ்வொன்றாகக் கழுவிச் சாக்கில் காயவைத்தார். கிணற்றில் மறுபடி தண்ணீர் ஊறிய அன்று, காயவைத்தவற்றில் ஒரு கரண்டியை எடுத்து உள்ளே போட்டார்.

"என்னத்தைப் போட்டவன்?" பழக்கத்தில் அம்மாவின் குரல் வந்துவிட்டது.

அப்பா திரும்பாமலே "கரண்டி" என்றார்.

"அப்பா, காது கேக்கேல்லையே?" மகளின் குரல் மறுபடி வந்தது. "என்னத்தைப் போட்டவள்?"

"கரண்டி" என்றேன்.

பேத்தி இப்போது என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தாள். தடுக்க மனம் வரவில்லை.