பொம்மைக் காருக்கு ஷாக் கடைந்த கதை

லேத் பட்டறைக்கு வருகிறவர்கள் இரண்டே வகை: உடைந்த சாமானைக் கையில் கொண்டுவருகிறவர்கள், தொலைந்த சாமானை விரலால் அளவு காட்டுகிறவர்கள். பட்டறை வைத்து அல்லல்படுகிற உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்து, மறைமலைநகர் கம்பெனி ஒன்றில் பத்து வருஷம் கடைந்து, பிறகு திருப்போரூரில் சொந்தமாக லேத் போட்டவள் நான். எனக்கு மூன்றாவதாகவும் ஒரு வகை வந்து வாய்த்தது.

குழந்தை என்ன படிக்கிறது?

படூர் அடுக்குமாடியிலிருந்து பிரவீன் என்று ஒருவர் வந்தார். ஐ.டி. வேலை, சொந்த ஊர் கோயம்புத்தூர் பக்கம். செருப்பு டப்பாவிலிருந்து ஒரு முழ நீள ரிமோட் காரை எடுத்து மேஜைமேல் வைத்தார். சக்கரத்துக்கு ஒன்றாக நாலு ஷாக் அப்சார்பர், ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் அளவு. குழாய், உள்ளே எண்ணெய், கம்பி நுனியில் பட்டாணி போல ஒரு பிஸ்டன், வெளியே ஸ்பிரிங். நிஜ வண்டியில் இருப்பதெல்லாம் இதிலும் இருந்தது. ஒன்று வளைந்திருந்தது, ஒன்று ஒழுகியது. நாலையும் புதிதாகக் கடைந்து தரவேண்டுமாம். பிள்ளை அழுதிருக்கும், பாவம் என்று மனம் இளகி, குழந்தை என்ன படிக்கிறது என்று கேட்டேன். மனுஷர் நெளிந்தார்.

"கொழந்தை இல்லீங்க்கா. இன்னும் கண்ணாலமே ஆகல. காரு எனக்குத்தானுங்க."

வாய் சும்மா இருந்திருக்கலாம்

அவரோடு சேர்த்து இப்படி எட்டுப் பேர் இருக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை தோறும் பந்தயம். ஒரு பாகம் உடைந்தால் வெளிநாட்டிலிருந்து வர மாதக்கணக்காகும். என் ஷாக் ஒரே ஒரு பந்தயம் தாங்கினால் இனி எட்டுப் பேரும் என்னிடம்தான். தாங்காவிட்டால் பழையபடி வெளிநாடுதான். "என் பட்டறையிலிருந்து போன சாமான் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை" என்று வீறாப்பாகச் சொல்லி நாலையும் கடைந்து கொடுத்தேன். மூன்றாம் நாள் நாலும் திரும்பி வந்தன.

விஷயம் இதுதான். மாதிரி பிஸ்டனில் இரண்டு பொடி ஓட்டைகள் இருந்தன. வயலுக்கு மருந்தடிக்கிற பம்புக்குப் பிஸ்டன் கடைந்தே கை காய்த்தவள் நான். என் அகராதியில் ஓட்டை விழுந்த பிஸ்டன் என்றால் பாழாய்ப்போன பிஸ்டன். ஆகவே ஓட்டையே இல்லாமல், சொட்டு எண்ணெய் கசியாத இறுக்கத்தில் கடைந்திருந்தேன். பெரிய உபகாரம் செய்த நினைப்பு வேறு! அந்த ஓட்டை வழியாக எண்ணெய் போய் வந்தால்தானே ஷாக் அமுங்கும்? பெரிய வண்டியில் எத்தனை பிரித்துப் பார்த்திருக்கிறேன்! சாமான் சின்னதானதும் புத்தியும் சின்னதாகிவிட்டது. அவர் காரை அழுத்தினார். நானும் அழுத்தினேன். அசைந்தால்தானே? வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது.

"நான் ஷாக்கு கேட்டனுங்க்கா. நீங்க நாலு தூணு நட்டுக் குடுத்திருக்கறீங்க."

டிராக்டர் காத்திருந்தது

ஒரு மில்லிமீட்டர் ஓட்டை போடுவதென்றால் டிரில் பிட்டுக்கு மூச்சு விட்டாலும் ஆகாது. மூன்று பிட்டை ஒடித்தேன். நாலாவதை மாட்டியபோது, டிராக்டரில் ஏர் மாட்டுகிற பின் ஒன்றுக்காக வந்திருந்த ஏழுமலை அண்ணன் வாசலில் நின்று பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "சத்தம் போடாதீங்கண்ணா, பிட்டு ஒடிஞ்சிடும்" என்றேன். அவருக்கு வந்ததே கோபம்.

"ஏர் ஓட்டாம டிராக்டரு நட்டாத்துல நிக்கிது. நீ இன்னாடான்னா பொம்மைக்கு மூட்டுவலி வைத்தியம் பாத்துகினு கீற!"

மனை பார்க்க வந்தவர்கள்

பந்தயம் நடந்தது மாமல்லபுரம் போகிற வழியில், விற்காமல் கிடக்கும் ஒரு மனைப்பிரிவில். தார் ரோடு, எல்லைக் கல், கலர் கொடி, நடுவே மணல் மேடு. அவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மானம் போகுமா நிற்குமா என்று பார்க்க நானும் போயிருந்தேன். எட்டுப் பேரும் குந்தி உட்கார்ந்து மண்ணைக் கிள்ளிப் பார்ப்பதும், டேப் வைத்து அளப்பதுமாக இருந்ததைக் கண்டு, மனை விற்கிறவர் குடையும் நோட்டீசுமாக ஓடிவந்தார். கார்னர் மனையைப் பற்றிப் பாதி தூரம் சொன்ன பிறகுதான் செருப்பு டப்பாக்களைக் கவனித்தார். கோபித்துக்கொள்ளவில்லை, நல்ல மனுஷர். கும்பல் இருந்தால் ரோட்டில் போகிறவன் நிற்பான் என்று நிழலில் நாற்காலிகூடப் போட்டுக் கொடுத்தார்.

"வூடு கட்ட வந்தவன்கூட இந்த மண்ண இம்மாம் குனிஞ்சி பாத்ததில்ல சார்!"

கடைசிச் சுற்று

இருபது சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பிரவீனின் கார் மணல் மேட்டில் எகிறி விழும்போதெல்லாம் நான் முருகனைக் கூப்பிட்டேன். பத்தொன்பது முறை அவன் வந்தான். இருபதாவது முறை கார் ஆள் உயரம் பறந்து, எல்லைக் கல்லில் இறங்கி, நடுவாக இரண்டாகப் பிளந்தது. சக்கரம் ஒன்று கார்னர் மனைக்குள் உருண்டு போயிற்று.

எல்லோரும் காரைப் பார்க்க ஓடினார்கள். நான் ஷாக்கைப் பார்க்க ஓடினேன். எடுத்து அழுத்தினேன், வெண்ணெயாய் அமுங்கி எழுந்தது. நாலும் அப்படியே. ஒரு கீறல் இல்லை, சொட்டு ஒழுகல் இல்லை. ஒருவன் காரைப் பறிகொடுத்து நிற்கும்போது நான் வாயெல்லாம் பல்லாக நின்றது தப்புதான், ஆனால் என் சந்தோஷத்துக்கு நான் என்ன செய்வேன்? எட்டுப் பேரும் கைமாற்றிக் கைமாற்றி அழுத்திப் பார்த்தார்கள். கடைசியில் பிரவீன் பிளந்த காரின் இரண்டு பாதியையும் என் மடியில் வைத்தார்.

"ஷாக்கு தாங்கிருச்சுங்க்கா, நீங்க ஜெயிச்சுட்டீங்க. இனி அதைத் தாங்கற மாதிரி ஒரு காரு செஞ்சு குடுங்க."

வேலையைச் சுத்தமாகச் செய்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று நமக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த புண்ணியவான், கட்டாயம் ஒரு நாளும் பட்டறை வைத்திருக்க மாட்டான்.