முதலில் எண், பிறகு மூச்சு

என் சிகிச்சை அறையின் ஜன்னலோரம் மூன்று கால்களில் ஒரு தொலைநோக்கி நிற்கிறது. முதுகுவலி, முழங்கால்வலி என்று வருபவர்கள் வலியைக்கூட மறந்து முதலில் அதைத்தான் விசாரிப்பார்கள். நான் எதிர்வீட்டை வேவு பார்ப்பதாக ஒரு முதியவர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். மறுத்துப் பார்த்தேன், பயனில்லை. கண் வைக்கும் இடத்து ரப்பர் தேய்ந்து பளபளக்கிறது. உடைந்த ஒரு காலில் நீலநிற நாடா சுற்றியிருக்கிறது. அது எங்கள் பயிற்சியாளருடையது.

இந்த மலைநகருக்கு நான் வேலைக்குத்தான் வந்தேன். பேர்லினில், நொய்கெல்ன் என்ற பகுதியில் வளர்ந்தவள். உடற்பயிற்சிச் சிகிச்சையில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியை முடித்த கையோடு இங்கிருந்த குளிர்கால விளையாட்டு நிலையத்தில் இடம் கிடைத்தது. பயாத்லான் என்றால் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. பனியில் சறுக்கி மூச்சிரைக்க வந்து, எண்ணிட்ட தடங்களில் ஒன்றுக்குள் போய், முதுகிலிருக்கும் துப்பாக்கியை எடுத்து, அந்தத் தடத்துக்கு நேரே தூரத்தில் வரிசையாக உள்ள ஐந்து கறுப்புப் பொட்டுகளைச் சுட வேண்டும். பட்டால் பொட்டு வெள்ளையாகும். படாத ஒவ்வொன்றுக்கும் தண்டனையாக ஒரு சுற்று கூடுதலாக ஓட வேண்டும். இதை அம்மாவுக்குத் தொலைபேசியில் விளக்கினேன். "துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாடு விட்டு ஓடி வந்தனாங்கள். நீ சம்பளத்துக்கு அதுக்குப் பக்கத்திலை போய் நிக்கிறாய்" என்றார்.

பயிற்சியாளர் ஒரு காலத்தில் நல்ல வீராங்கனை. வெல்ல வேண்டிய ஒரு போட்டியில் ஐந்து குண்டுகளையும் ஒன்றுகூடத் தவறாமல் அடித்தார். தலையை நிமிர்த்திப் பார்த்தால் அவருடைய பொட்டுகள் ஐந்தும் கறுப்பாகவே இருந்தன. வெளுத்திருந்தவை, யாரும் நிற்காத பக்கத்துத் தடத்தின் பொட்டுகள். ஐந்து தண்டனைச் சுற்றையும் கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க ஓடி முடித்தார். அதன்பிறகும் பல வருடங்கள் போட்டியிட்டார், வென்றார். ஆனால் ஊர் மறக்காமல் வைத்திருந்தது அந்த ஐந்து சுற்றைத்தான். பயிற்சியாளரானதும் புதிதாக வரும் எவரிடமும் அந்தக் கதையைத் தானே முதலில் சொல்லிவிடுவார். பிறகு ஒரு கட்டளை: சுடப் படுக்குமுன் தன் தடத்தின் எண்ணை ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் பேசியதெல்லாம் ஜேர்மன்தான். ஆனால் எனக்குள் அவர் எப்போதும் அம்மாவின் தமிழில்தான் பேசுகிறார். "முதல்லை எண், பிறகு மூச்சு."

அம்மா ஒருமுறை வந்திருந்தார். முதல் வெடிக்கே என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். பயிற்சியாளர் அதைக் கண்டார். பயிற்சியை நிறுத்தச் சொல்லிவிட்டு, காதுமூடியை அம்மாவின் தலையில் மாட்டி, தொலைநோக்கியின் முன்னால் இருத்தினார். பிறகு ஒரேயொருத்தியைச் சுடச் சொன்னார். கறுப்புப் பொட்டு வெள்ளையானதை அம்மா பார்த்தார். "இவ்வளவுதானோ?" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. அன்றிலிருந்து ஒவ்வொரு அழைப்பிலும் "ரீச்சர் அக்கா சுகமோ?" என்று கேட்பார்.

போட்டிக்கு முன் வீரர்கள் தாளில் அச்சிட்ட இலக்கைச் சுட்டுப் பார்ப்பார்கள். பயிற்சியாளர் பின்னால் நின்று, குண்டு எங்கே பட்டது என்று தொலைநோக்கியில் பார்த்து, காற்றுக்கு ஏற்பத் துப்பாக்கியின் குறியை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று சொல்வார். சொன்னதை வீராங்கனை செய்வாள். ஏன் என்று கேட்க மாட்டாள். அந்தத் தொழிலே அந்த நம்பிக்கையில்தான் நிற்கிறது. கடைசிக் குளிர்காலத்தில் அவர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பதைக் கவனித்தேன். கழுத்து நோகிறதா என்று கேட்டேன். "கண்ணாடி மாத்தவேணும்" என்றார். கண் மருத்துவரைப் பார்க்க நாள் குறித்து எடுத்த தெர்மினைப் பயிற்சி முகாமுக்காகத் தள்ளிப்போட்டார். மறுபடியும் தள்ளிப்போட்டார்.

அந்தப் பருவத்தில் எங்கள் பெண்களில் ஒருத்திக்குத் தேசிய அணியில் இடம் கிடைக்கும் நிலை இருந்தது. மிச்சமிருந்த இரண்டு போட்டிகளும் அதைத் தீர்மானிக்கும். முதலாவதில், பயிற்சியாளர் சொன்னபடியே குறியை வலப்பக்கம் திருப்பிக்கொண்டு போனாள். படுத்துச் சுட்டதில் மூன்று தவறின, மூன்றும் வலப்பக்க விளிம்பில். நான் அவளுடைய மேலங்கியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தண்டனைச் சுற்றுகளில் அவள் அழுதுகொண்டே ஓடினாள்.

எங்கள் வாகனத்தில் எல்லோரும் காற்றைத் திட்டிக்கொண்டு வந்தோம். காற்று திடீரென்று மாறிவிட்டது என்று அணித்தலைவர் சொன்னார். அதை எல்லோரும் ஏற்றுக்கொண்டோம். பயிற்சியாளர் பேசாமல் இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. வாகனம் நிலையத்து வாசலுக்கு வந்துவிட்டது. அவர் எழும்பவில்லை.

"காத்து மாறேல்லை. நான் பக்கத்துத் தடத்தின்ரை தாளைப் பாத்து உனக்குச் சொல்லிப்போட்டன். என்ரை வலது கண்ணாலை நடுவிலை இருக்கிறது ஒண்டும் தெரியுறேல்லை. தெரிஞ்சுகொண்டுதான் வந்து நிண்டனான்" என்றார், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து.

அவள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அவளுக்கு வந்த கோபம் நியாயமானது என்பதும் தெரிந்தது. அடுத்த நாளே பயிற்சியாளர் வேலையை விட்டார். அம்மாவிடம் சொன்னபோது, "பாவம், அந்த மனிசிக்கு எவ்வளவு கஷ்டமாய் இருந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் கடைசிப் போட்டி. தொலைநோக்கியின் பின்னால் இளைய பயிற்சியாளர் ஒருவர் நின்றார். எங்களவர் வேலிக்கு வெளியே, பார்வையாளர்களோடு கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு நின்றார். பக்கத்தில் நான். அந்த வாரம் முழுக்க அவருடன் பேசாத பெண் பனியைக் கிழித்துக்கொண்டு சுடுமிடத்துக்குள் வந்தாள். தன் தடத்தில் நின்று, படுக்குமுன் வேலிப்பக்கம் திரும்பி, கூட்டம் முழுவதும் கேட்கும்படி கத்தினாள்: "பதினாலு!"

பயிற்சியாளர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவருக்குப் பொட்டுகள் தெரிந்திருக்காது. நான் ஒவ்வொன்றாக அவர் காதில் சொன்னேன். வெள்ளை, வெள்ளை, வெள்ளை, வெள்ளை. கடைசி கறுப்பாகவே நின்றது. ஒரு சுற்றோடு போய் அவள் தேசிய அணியில் மிச்சமிருந்த கடைசி இடத்தைப் பிடித்தாள். நாங்கள் இருவரும் வெட்கமில்லாமல் அழுதோம்.

நான் நிலையத்தை விட்டுத் தனியாகச் சிகிச்சை அறை திறந்தபோது பயிற்சியாளர் தொலைநோக்கியை எனக்குத் தந்தார். வியாழக்கிழமைகளில் தோள்வலிக்கு வருகிறார். வந்ததும் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் ஜன்னலுக்குப் போய் இடக்கண்ணை வைத்துக் குனிவார். எதிர்வீட்டு வாசலில் குருவிகளுக்குத் தீனி தொங்குகிறது. அவர் குனியுமுன் அந்த வீட்டு எண்ணை நான் உரக்கச் சொல்கிறேன். அவர் தலையாட்டுகிறார்.

"ஓம். இனி மூச்சு."